பிஸ்கட்டின் தவக்காலம்

கிளினிக்கில் புதிதாகச் சேர்ந்திருக்கும் உங்களுக்காக ஏதாவது எழுதித் தரச் சொன்னார்கள். மருந்தின் அளவையும் ஊசி போடும் இடத்தையும் நான் எழுதப் போவதில்லை. அதையெல்லாம் உங்கள் கையிலிருக்கும் போனே என்னைவிட நன்றாகச் சொல்லும். எதிரே நிற்கும் குடும்பம் சொல்லாமல் விட்டதை எப்படிக் கேட்டு வாங்குவது என்பதைத்தான் எந்தப் போனும் சொல்லித் தராது. வாயில்லா ஜீவனுக்கு வைத்தியம் பார்ப்பது எவ்வளவு கஷ்டம் என்று ஊரே நம்மைப் பார்த்துப் பரிதாபப்படுகிறது. இத்தனை வருடத்தில் நாயால் எனக்கு வந்த தொல்லை குறைவு. தொல்லை எல்லாம் அதைக் கூட்டிக்கொண்டு வந்த, வாயுள்ள ஜீவன்களால்தான்.

நான் ஓய்வு பெறுவதற்குக் கொஞ்ச காலம் முன்பு நடந்தது இது. பிஸ்கட் என்று ஒரு நாய் ஊருக்குள்ளேயே அடுகோடிப் பக்கத்திலிருந்து வந்துகொண்டிருந்தது. லாப்ரடாரும் தெருவும் சரிபாதி கலந்த, தேன் நிறத்து ஆண் நாய். வயது ஒன்பதைத் தாண்டியிருந்தது. பெயர்தான் பிஸ்கட், ஒரு பிஸ்கட் தின்றால் மறுநாள் முழுக்க வயிற்றால் போகும். கோதுமை ஆகாது, பால் ஆகாது, கடையில் விற்கும் தீனி எதுவும் ஆகாது. தயிர் சாதம் தாங்கும், ஆனால் அதிலேயே வைத்திருந்தால் விலா தெரிய இளைத்துவிடும். பல மாதம் தடுமாறிய பிறகு, சதை ஒட்டிய பச்சை எலும்பில் கொண்டுவந்து நிறுத்தினேன். ஒரு நாளைக்குக் கோழிக் கழுத்து ஒன்று, கொஞ்சம் சதை, வேகவைத்த பரங்கிக்காய். அதற்கு மேல் ஒரு துண்டு எலும்பு போனாலும் மலம் சுண்ணாம்புக் கட்டியாகிவிடும், குறைந்தால் இளகிவிடும். அந்த நாயின் குடல் அப்படி ஒரு கறாரான குடல்.

நான் பச்சை எலும்புக் கட்சிக்காரி என்று நினைத்துவிடாதீர்கள். பல நாய்களுக்கு அது ஒத்துக்கொள்வதில்லை. கைக்குழந்தை இருக்கும் வீட்டில் பச்சைக் கோழியை வைத்துப் புழங்கும்படி நான் யாருக்கும் சொன்னதில்லை. மல்லேஸ்வரத்தில், வெங்காயம் வாங்கக்கூட நாள் பார்க்கும் வீட்டில் பிறந்தவள் நான். கோழிக் கழுத்தின் பெருமையை நான் போனில் விளக்கும்போதெல்லாம் என் அம்மா எழுந்து பூஜை அறைப் பக்கம் போய்விடுவாள். ஆனாலும் பிஸ்கட்டுக்கு அது ஒத்துக்கொண்டது, அதனால் சொன்னேன்.

அந்த வீட்டில் மூன்று பேர். ஸ்டெல்லா டீச்சர், பள்ளிக்கூடத்தில் கணக்குப் பாடம் எடுப்பவர். அவர் கணவர் அந்தோணி, பொம்மசந்திராவில் ஒரு தொழிற்சாலையில் சூப்பர்வைசர். மகள் ஜெனிஃபர், ஐடி கம்பெனியில் வேலை. மாதா கோயிலுக்குப் பக்கத்துத் தெருவில் வீடு. ஞாயிற்றுக்கிழமை பூசையில் வாசகம் வாசிப்பவர் டீச்சர்தான்.

பச்சை எலும்பு என்று நான் முதன்முதலில் சொன்ன அன்று டீச்சர் என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"பச்சையாவா? கழுவாமயா?"

"கழுவலாம். வேக வைக்கக் கூடாது."

"மஞ்சத்தூளு, உப்பு போட்டு ஒரே ஒரு கொதி விட்டுடட்டுமா டாக்டர்? கிருமி போயிடும்ல?"

"கூடாது. பச்சை எலும்பு வயித்துல கரையும். வெந்த எலும்பு கரையாது, ஊசி ஊசியா உடையும். குடலைக் கிழிச்சிடும்."

"ஒரு கொதிதானே?"

"ஒரு கொதியும் வேண்டாம்."

சரி என்று தலையாட்டினார். அந்தத் தலையாட்டலை நான் முழுசாக நம்பவில்லை. பச்சைக் கறியை மஞ்சள் போட்டுக் கழுவாமல், ஒரு கொதி காட்டாமல் இன்னொரு உயிருக்குக் கொடுப்பது அவர் கைக்கு வராத காரியம். அன்றிலிருந்து எலும்பு வைக்கும் வேலையைக் கணவரிடம் விட்டுவிட்டார் என்று கேள்விப்பட்டு நிம்மதியானேன்.

அதற்கு அடுத்த வருடம் அந்தோணிக்கு நெஞ்சு வலி வந்து, ஸ்டென்ட் வைத்தார்கள். பிழைத்து வீடு திரும்பினார். ஈஸ்டருக்கு முன் வரும் தவக்காலம் தொடங்குவதற்கு முந்தைய வாரம் டீச்சர் பிஸ்கட்டைக் கூட்டிக்கொண்டு தனியாக வந்தார்.

"டாக்டர், ஒரு நேர்ச்சை இருக்கு. அவரு ஐசியூல இருந்தப்ப மாதாகிட்ட சொல்லிட்டேன். இந்தத் தவக்காலம் முழுக்க எங்க வீட்டுக்குள்ள மாமிசம் நுழையாது. வீட்டுல இருக்கற எல்லா உயிரும்னு சொல்லிட்டேன். இவனும்தானே எங்க வீட்டு உயிரு?"

நாய்க்கு எதற்கு விரதம் என்று வாய்வரை வந்தது. கேட்கவில்லை. அவருடைய கை நாயின் கழுத்துப் பட்டையை இறுக்கிப் பிடித்திருந்தது. கணவர் பிழைத்ததற்கு அவர் கொடுக்கும் விலை அது, அதில் குறை வைக்க அவர் பயந்தார். தயிர் சாதமும் பரங்கிக்காயும் கொடுங்கள், இளைத்தால் உடனே கொண்டுவாருங்கள் என்று சொல்லி, எடை பார்த்து அனுப்பினேன்.

ஈஸ்டருக்கு முந்தைய நாள், புனித சனிக்கிழமை. மதியச் சாப்பாட்டுக்கு எழுந்திருக்கும் நேரத்தில் ஆட்டோ வந்து நின்றது. அந்தோணி நாயை இரண்டு கையாலும் தூக்கிக்கொண்டு உள்ளே வந்தார். பின்னால் டீச்சர், அதற்குப் பின்னால் ஜெனிஃபர். மூன்று முகத்திலும் ரத்தம் இல்லை.

கீழே விட்டதும் பிஸ்கட் முன்னங்கால்களை நீட்டித் தரையோடு நெஞ்சை அழுத்தி, பின்பக்கத்தைத் தூக்கிக்கொண்டு நின்றது. வயிற்று வலி தாங்காத நாய் அப்படித்தான் நிற்கும்.

"காலைல இருந்து இப்படித்தான் நிக்கறான் டாக்டர், ஜெபம் பண்ற மாதிரி," என்றார் டீச்சர். "ரெண்டு தடவ வாந்தி. முக்கறான், ஒண்ணும் வரல. வந்தா வெள்ளையா, பொடிப்பொடியா வருது."

"என்ன சாப்பிட்டான்?"

"தயிர் சாதம்தான். தவக்காலம் தொடங்கின விபூதி புதன்ல இருந்து எங்க வீட்டுல முட்ட கூட ஒடைக்கல டாக்டர்."

மற்ற இருவரும் தலையாட்டினார்கள். நான் எக்ஸ்ரே எடுத்தேன்.

படம் திரையில் வந்தது. பெருங்குடல் முழுக்க வெள்ளை வெளேரென்று எலும்புத் தூள் இறுகிப்போய்க் கிடந்தது. இரைப்பையில் நாலைந்து துண்டுகள். அவற்றில் ஒன்று நீளமாக, லேசாக வளைந்து, ஒரு முனை கூராக. ஆட்டு விலா எலும்பு மாதிரி இருந்தது.

"இது எலும்பு," என்றேன்.

"எலும்பா? எப்டி டாக்டர்?" என்று டீச்சர் கேட்டார். ஒருவரும் ஒருவரையும் பார்க்கவில்லை. அந்தோணி தொண்டையைச் செருமினார்.

"ரோட்டுல குப்பைல ஏதாவது தின்னிருப்பான் டாக்டர். ஓட்டல்காரங்க பிரியாணி எலும்பெல்லாம் அங்கதான் கொட்டறாங்க. வாக்கிங் போறப்ப இழுத்துட்டு ஓடுவான்."

"ஆமா, ஆமா," என்றாள் ஜெனிஃபர்.

இந்த இடத்தில் கொஞ்சம் நில்லுங்கள். நாம் என்ன முடிவெடுக்க வேண்டியிருந்தது என்று பாருங்கள். குப்பையில் கிடந்த பிரியாணி எலும்பு என்றால் வெந்த எலும்பு. அது கரையாது. அந்தக் கூர்முனை குடலுக்குள் இறங்கினால் எங்காவது குத்திக் கிழிக்கும், நாய் செத்துப்போகும். அதற்கு முன் வயிற்றைத் திறந்து எடுத்தாக வேண்டும். பச்சை எலும்பு என்றால் கதையே வேறு. வலிக்கு மருந்து கொடுத்து, டிரிப்ஸ் ஏற்றி, அடைத்திருக்கும் பின்பக்கத்தை எனிமா கொடுத்து மெல்ல விடுவித்துவிட்டுக் காத்திருந்தால் போதும், வயிற்று அமிலமே அதைக் கரைத்துவிடும். சரி, எதற்கு வம்பு, திறந்தே பார்த்துவிடலாம் என்றால் அதற்கும் வழியில்லை. வருடக் கணக்கில் புண்பட்ட குடல் அது. வெட்டித் தைத்தால் தையல் பிடிக்குமா என்பது சந்தேகம். காத்திருக்க வேண்டிய நாயைத் திறந்தாலும் சாகலாம், திறக்க வேண்டிய நாயை வைத்துக்கொண்டு காத்திருந்தாலும் சாகலாம். எக்ஸ்ரேயில் எலும்பு தெரியும். அது வெந்ததா பச்சையா என்று தெரியாது.

வாந்தி எடுக்க வைத்துவிடுங்கள் என்று ஜெனிஃபர் அழுதாள். கூர்முனை மேலே வரும்போது தொண்டைக் குழாயைக் கிழிக்கும், அதனால் கூடாது என்று அதட்டினேன். பயத்தில் இருக்கும்போது நான் அதட்டுவேன், அது என் குணம்.

என் சீனியருக்குப் போன் போட்டேன். பெரிய ஆபரேஷன்களை நாம் அவரிடம்தான் அனுப்புவோம். மைசூர் பக்கத்துக்காரர், என்னோடு அவர் பேசும் தமிழில் பாதி கன்னடம். படத்தை அனுப்பினேன். பார்த்துவிட்டுச் சொன்னார்:

"நோடம்மா, தியேட்டர் ரெடி பண்ணி வெக்கறேன். சாயங்காலம் ஒளகே கூட்டிட்டு வா. ஆனா ஒந்து விஷயா. குடல் புல்லா எலும்புத் தூளு இருக்குது. ஒரு நாளு குப்பைல தின்னா இவ்ளோ ஆவுமா? யாரோ தினா தினா போட்டிருக்காங்க. மொதல்ல அத கேளு."

போனை வைத்துவிட்டு நாயை எடை பார்த்தேன். தவக்காலத்துக்கு முன்பு பார்த்ததைவிடக் கூடியிருந்தது. இத்தனை வாரம் தயிர் சாதத்தில் இருந்த நாய்! மேல்தோல் எண்ணெய் தடவியது போலப் பளபளத்தது. படத்தைப் பார்த்த அவசரத்தில் எதிரே நின்ற நாயைப் பார்க்காமல் இருந்திருக்கிறேன்.

மூவரையும் நிற்க வைத்துக் கேட்டால் பதில் வராது என்று எனக்குப் புரிந்தது. இந்த ஒரு விஷயத்தைச் சொல்லத்தான் இவ்வளவு எழுதுகிறேன். வீட்டுக்காரர்கள் நம்மிடம் பொய் சொல்வது குறைவு. நம் முன்னால் நின்றுகொண்டு ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்ளும் பொய்தான் நம் காதில் விழுகிறது. அதைப் புரிந்துகொள்ளாமல் கோபப்பட்டால் கடைசிவரை உண்மை வராது.

"பக்கவாட்டுல இன்னொரு படம் வேணும். அந்தோணி சார், நீங்க மட்டும் வந்து பிடிச்சுக்குங்க," என்று அவரை எக்ஸ்ரே அறைக்குள் கூப்பிட்டுக் கதவைச் சாத்தினேன். கதிர் படாமலிருக்க ஈய ஏப்ரனை மாட்டிவிட்டேன். அதன் கனத்தில் தோள் இறங்க நின்றார்.

"சார், குப்பைல தின்னானா?"

அவர் ஏப்ரனின் நாடாவை இழுத்து இறுக்கினார்.

"குப்பைன்னா இன்னைக்கே வயித்தைத் திறக்கணும். திறந்தா பிழைப்பான்னு நான் சொல்ல மாட்டேன்."

அவர் நாயின் காதைத் தடவிக்கொண்டே இருந்தார். "டாக்டர், ஸ்டெல்லாகிட்ட சொல்லிடாதீங்க. நான்தான் போட்டேன். காலைல வாக்கிங் போறப்ப கோழிக்கடைல. நீங்க சொன்னபடியே, பச்சையா, ஒரே ஒரு கழுத்து. அதுக்கு மேல ஒண்ணு கூட இல்ல. ஏசு சத்தியமா."

"தினமுமா?"

"தெனமும்."

"பெரிய வெள்ளிக்கிழமையுமா?"

"நாய்க்கு என்ன டாக்டர் வெள்ளிக்கிழம?" என்றவர் உடனே குரலைத் தணித்துக்கொண்டார். "எனக்காக அவ வேண்டிக்கிட்டா. என் உசுருக்காக இவன் பட்டினி கெடக்கணுமா? நான் பொழச்சு வந்தன்னைக்கு வாசல்ல மொதல்ல ஓடி வந்தவன் இவன்தான். மனசு கேக்கல."

"குப்பைன்னு ஏன் சொன்னீங்க?"

"வேற என்ன சொல்றது, அவ நிக்கறப்ப?"

ஒரு பொய்யால் ஒரு நாயின் வயிறு திறக்கப்பட்டிருக்கும். எனக்கு வந்த கோபத்துக்கு அவர் தலையில் ஏப்ரனோடு சேர்த்து ஒரு குட்டு வைத்திருப்பேன். ஆனால் ஸ்டென்ட் வைத்த மனிதர்.

தினம் ஒரு கழுத்துக்குக் குடல் இப்படி அடைக்காது. அதுதானே நான் சொன்ன அளவு! அவரை உள்ளே டிரிப்ஸ் பாட்டிலைப் பிடிக்கச் சொல்லிவிட்டு வெளியே வந்தேன். வாசலில் ஜெனிஃபர் போனைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தாள். நான் பக்கத்தில் போய் நின்றதும், கேட்பதற்கு முன்பே உடைந்துவிட்டாள்.

"ஆன்ட்டி, நான் ஆப்ல ஆர்டர் பண்ணேன். டாக்ஸுக்குன்னே ரா பேக் வருது, ஃப்ரோசன்ல. சிக்கன் எலும்பும் சதையும் கட் பண்ணி வெச்சிருப்பாங்க. ஆபீஸ் ஃப்ரிட்ஜ்ல வெச்சு டெய்லி கொண்டு வருவேன். நைட் மாடில வெச்சு குடுப்பேன். மம்மிக்குத் தெரிஞ்சா செத்தேன்."

"பச்சையா?"

"ஃபுல் ரா. டாடிகிட்டயும் சொல்லாதீங்க ப்ளீஸ். மம்மி அவருக்காக வேண்டிக்கிட்டதுன்னு ஃபீல் பண்ணுவார்."

காலையில் அப்பா, ராத்திரி மகள். நான் சொன்ன அளவு அப்படியே இரட்டிப்பாகியிருக்கிறது. பெருங்குடல் ஏன் சுண்ணாம்புச் சூளையாகக் கிடக்கிறது என்று தெரிந்தது. எல்லாம் பச்சை என்பதில் பாதி மூச்சு வந்தது. ஆனால் அந்த நீளத் துண்டு? கழுத்தெலும்பு அப்படி இருக்காது, கோழியில் அவ்வளவு நீள விலா எலும்பே கிடையாது. அது ஆடு. ஆட்டு எலும்பை இவர்கள் இருவரும் போடவில்லை.

பாக்கி இருந்தவர் ஒருவர்தான். அவரைச் சந்தேகப்படவே எனக்குக் கூச்சமாக இருந்தது. கூடவே பயமும். அந்த வீட்டில் எலும்பு கைக்குக் கிடைத்தால் மஞ்சள் போட்டு ஒரு கொதி விடாமல் கொடுக்காத ஒரே கை அவருடையது.

டீச்சர் உள்ளே மர பெஞ்சில், மடியில் கைப்பையை வைத்துக்கொண்டு நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். ராத்திரிப் பூசைக்கு வாசகம் இருந்தது, சாயங்காலமே கோயிலுக்குப் போகவேண்டியவர். சீனியரின் போன் இரண்டு முறை அடித்தது. நான் எடுக்கவில்லை. பக்கத்தில் உட்கார்ந்தேன்.

"டீச்சர், இரைப்பைல ஆட்டு விலா எலும்பு ஒண்ணு இருக்கு."

அவர் எதிர்ச் சுவரைப் பார்த்தார்.

"நான் இன்னைக்குக் காலைலயே பாவசங்கீர்த்தனம் பண்ணிட்டேன் டாக்டர்," என்றார்.

எனக்கு ஒரு நொடி விளங்கவில்லை. விளங்கியதும் தலையில் அடித்துக்கொள்ளத் தோன்றியது. நான் மதியத்திலிருந்து மண்டையை உடைத்துக்கொண்டிருக்கும் கேஸ், முழு விவரத்தோடு பாவமன்னிப்பு வழியாகக் கோயில் சாமியாருக்குப் போய்ச் சேர்ந்துவிட்டது! வைத்தியம் பார்ப்பவளுக்குத்தான் வரவில்லை.

"டீச்சர், அவருக்கு என்ன சொன்னீங்களோ, அதுல எலும்பைப் பத்தி மட்டும் எனக்கும் சொல்லுங்க. மீதி எனக்கு வேண்டாம்."

கைப்பையின் வாரை விரலில் சுற்றிக்கொண்டே பேசினார். "சனிக்கிழம கூட்டமா இருக்கும்னு ஈஸ்டருக்கு மட்டன வியாழக்கிழமையே வாங்கி ஃப்ரீசர்ல போட்டுட்டேன். பேப்பர்ல சுத்தி. நுழையாதுன்னு சொன்ன வீட்டுக்குள்ள நானே கொண்டாந்து வெச்சேன், பாருங்க. நேத்து சிலுவப்பாத முடிஞ்சு வந்தேன். எல்லாரும் படுத்திருந்தாங்க. இவன் மட்டும் ஃப்ரிட்ஜ் முன்னாடி உக்காந்துகிட்டு என்னயே பாத்தான். இத்தன நாளா தயிர் சோறு தின்னுட்டு ஒரு வார்த்த பேசாம கெடந்தானேன்னு..." டீச்சர் வாரை இன்னொரு சுற்றுச் சுற்றினார். "ஒரு எலும்பு. ஒண்ணே ஒண்ணு. பின்னாடி துணி தொவைக்கற எடத்துல வெச்சுக் குடுத்தேன்."

நான் அவர் பக்கம் நகர்ந்து உட்கார்ந்தேன்.

"வேக வச்சீங்களா?"

அவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். அந்தக் கேள்விக்கு என்ன பதில் நல்லது என்று அவருக்குத் தெரியவில்லை. முதல் நாள் நான் கண்டித்துச் சொன்னது நினைவிருந்ததோ இல்லையோ.

"ஒரு கொதியாவது?"

"எப்டி டாக்டர் வேக வெப்பேன்? பெரிய வெள்ளிக்கிழம அடுப்புல கறி வெச்சா வாசன தெரு முழுக்கப் போவும். அவரு எழுந்து வந்துடுவாரு. மத்த நாளா இருந்தா மஞ்சத்தூள் போட்டு ஒரு கொதி விட்டுத்தான் இருப்பேன். பச்சையா குடுக்க எனக்கு மனசே வராது. நேத்து வேற வழியில்ல. தண்ணியில ஐஸ் உருக்கி அப்படியே குடுத்துட்டேன்."

நான் எழுந்து போய் சீனியருக்குப் போன் செய்தேன். மூன்றும் பச்சை, கடைசி எலும்பு நேற்று ராத்திரி, நான் காத்திருக்கிறேன் என்றேன். "நீ வரல்லன்னா எனக்கு சந்தோஷா," என்று சொல்லி வைத்துவிட்டார்.

திரும்பி வந்தபோது டீச்சர் அதே இடத்தில் உட்கார்ந்திருந்தார். என் கையைப் பிடித்துக்கொண்டார். பல வருடம் சாக்பீஸ் பிடித்த, சொரசொரப்பான கை.

"டாக்டர், நாய விடுங்க. அது உங்க கையில இருக்கு. நேர்ச்ச என்னால மொறிஞ்சு போச்சே. அவருக்கு ஒண்ணும் ஆயிடாதே?"

சாமியார் என்ன சொன்னார் என்று நான் கேட்கவில்லை. சாமியார் தேறுதல் சொல்லியிருப்பார், அது இவருக்குப் போதவில்லை. உள்ளே டிரிப்ஸ் பாட்டிலைத் தூக்கிப் பிடித்து நிற்கும் மனிதர் தவக்காலம் முழுக்கத் தினமும் அதே நேர்ச்சையை முறித்தவர் என்று ஒரே வாக்கியத்தில் சொன்னால் இந்த அம்மாளின் பயம் போய்விடும். இல்லை, அதிகமாகிவிடும். எது நடக்கும் என்று எனக்குத் தெரியவில்லை. அதைச் சொல்லும் உரிமையும் எனக்கு இல்லை.

"மத்தியானத்துல இருந்து இவ்ளோ பெரிய நாயத் தூக்கிட்டு அலையறார். மூச்சு வாங்கல. நான் பார்த்துட்டேதான் இருக்கேன்," என்றேன். என்னால் முடிந்தது அவ்வளவுதான்.

டீச்சர் வாசகத்துக்குப் போனார். மற்ற இருவரையும் அவரோடு அனுப்பி வைத்தேன். பிஸ்கட்டோடு நான் இருந்தேன்.

காத்திருப்பதை ஏதோ சும்மா இருப்பது என்று நினைக்காதீர்கள். ஈறு வெளுக்கிறதா, வயிறு பலகையாக இறுகுகிறதா, சூடு ஏறுகிறதா என்று மீண்டும் மீண்டும் பார்த்தேன். ஒவ்வொரு முறையும் தப்பு செய்துவிட்டேனோ என்று பயந்தேன். டீச்சர் எனக்கும் பாதிதான் சொல்லியிருந்தால்? ஒரு கொதி விட்டுவிட்டு, வெட்கத்தில் மறைத்திருந்தால்? கத்தியைக் கையில் எடுத்துவிட்டால் இந்தப் பயம் இருக்காது, கை வேலையில் இறங்கிவிடும். உங்களுக்கும் அந்த ஆசை வரும். உங்கள் பயத்தைத் தணிப்பதற்காக ஒரு நாயைத் திறக்காதீர்கள். ஓசூர் ரோட்டில் முன்னால் ஒரு லாரி நின்றுவிட்டால் பின்னால் வருவதெல்லாம் நிற்கிறதல்லவா, அந்த நாயின் வயிற்றில் நடந்தது அவ்வளவுதான் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு, அந்த லாரியை எனிமாவால் கொஞ்சம் கொஞ்சமாக நகர்த்திக்கொண்டிருந்தேன்.

ஈஸ்டர் காலையில் எடுத்த படத்தில் அந்த விலா எலும்பின் கூர்முனை மழுங்கியிருந்தது. ஓரங்கள் மங்கி, துண்டு பாதியாகச் சுருங்கியிருந்தது. டீச்சர் பொய் சொல்லவில்லை. நான் நாற்காலியில் உட்கார்ந்து கொஞ்ச நேரம் அழுதேன். பிறகு பிஸ்கட்டை நம் கிளினிக் பின்பக்கத்து முருங்கை மரத்தடிக்கு மெல்ல நடத்திக்கொண்டு போனேன். அங்கே அது முக்கி முனகி, தவக்காலம் முழுவதையும் இறக்கி வைத்தது. அப்படி ஒரு அழகான காட்சியை நான் மல்லேஸ்வரத்துக் கோயில்களில்கூடப் பார்த்ததில்லை.

குடும்பம் புதுத் துணியோடு வந்தது. டீச்சர் பட்டுப்புடவை கட்டியிருந்தார். மூவரும் தனித்தனியாக என்னைக் கண்ணால் கெஞ்சினார்கள். மூவருக்கும் தனித்தனியாகத் தலையசைத்தேன். பிறகு பொதுவாகச் சொன்னேன்:

"பிழைச்சுட்டான். ஒரு வாரம் எலும்பே கூடாது. அதுக்கப்புறம் வீட்டுல ஒரே ஒரு ஆள்தான் அவனுக்குச் சாப்பாடு போடணும். யாருன்னு நீங்களே முடிவு பண்ணிக்குங்க."

"ஏன் டாக்டர், ஒரே ஆளுதானே போடறோம்?" என்றார் அந்தோணி. நல்ல நடிகர்.

நான் கூண்டைத் திறந்துவிட்டேன்.

பிஸ்கட் வாலை ஆட்டிக்கொண்டு வெளியே வந்தது. நேரே அந்தோணியிடம் போய், அவர் பேன்ட்டின் வலது பைக்குள் மூக்கை நுழைத்தது. பிறகு அவர் எதிரில் நறுக்கென்று உட்கார்ந்து அண்ணாந்து பார்த்தது. ஒன்றும் வராததால் எழுந்து ஜெனிஃபரிடம் போனது. அவள் ஆபீஸ் பையை மோந்து பார்த்துவிட்டு அங்கேயும் உட்கார்ந்து அண்ணாந்தது. அங்கும் ஏமாந்து, கடைசியாக டீச்சரிடம் வந்து, அவர் வலது கையை முன்னும் பின்னும் நக்கிவிட்டு, அதே மாதிரி மரியாதையாக உட்கார்ந்தது.

நான் மூன்று பேரின் ரகசியத்தையும் காப்பாற்றிவிட்டேன். நாயிடம் யாரும் சத்தியம் வாங்கியிருக்கவில்லை.

டீச்சர் நாயைப் பார்த்தார், மகளைப் பார்த்தார், பிறகு கணவரின் பேன்ட் பையைப் பார்த்தார்.

"ஏங்க, நீங்களுமா?"

அந்தோணி தலையைக் குனிந்துகொண்டார்.

"எப்போ?"

"தெனமும்."

"தெனமுமா? விபூதி புதன்ல இருந்தா?"

"ம்."

டீச்சரின் முகம் முதலில் வெளுத்தது. பிறகு அவர் ஏதோ கணக்குப் போடுவது தெரிந்தது. ஒரு நாள் முறிந்ததற்குத்தான் அவர் நேற்று என் கையைப் பிடித்துக்கொண்டு பயந்தார். எல்லா நாளும் முறிந்திருக்கிறது. யாருக்காக வேண்டிக்கொண்டாரோ அந்த மனிதரே முறித்திருக்கிறார். முறித்துவிட்டு, ஈஸ்டருக்கு எடுத்த புதுச் சட்டையோடு, நாய் எச்சில் பட்ட பேன்ட்டோடு, எதிரே கல்லுக்குண்டு மாதிரி நல்லபடியாக நிற்கிறார்.

டீச்சர் அவர் பக்கத்தில் போய், நானும் மகளும் பார்த்துக்கொண்டிருக்கும்போதே, அவருடைய மார்பில் உள்ளங்கையை வைத்தார். ரொம்ப நேரம் எடுக்கவில்லை.

"நல்லாத்தான் அடிக்குது," என்றார்.